மருந்துப் பக்கத்தை மேலே திருப்பிய நாள்

கழக்கூட்டத்துப் பிள்ளைகளுக்கு,

நீங்கள் போனில் அனுப்பிய பிரிண்டைப் பார்த்தேன். சங்குமுகம் கடற்கரையில் ஒரு தாத்தா நிற்கிறார். அவர் தலைக்கு மேலே வானத்தில் வட்டம் வட்டமாகக் கோடுகள். கூடவே நித்யாவின் குரல்: "ஆன்ட்டி, இது எந்தா சம்பவம்னே தெரியலை. நெகட்டிவ்ல ஒண்ணும் இல்ல. மூணு வாட்டி துடைச்சாச்சு. துடைச்சா வேற எடத்துக்குப் போறது. ஒரு ரக்ஷையும் இல்ல, என்ன பண்ணியும் போகலை!" கேட்டுவிட்டுச் சிரித்தேன். முப்பத்தொரு வருஷம் இருட்டறையில் நின்றவள் நான். அந்த வட்டங்களுக்கும் எனக்கும் பழைய பகை. பெயர் நியூட்டன் வளையம்.

வாடகைக் குடியிருப்பின் குளியலறையில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு நீங்கள் படம் பெரிதாக்கும் என்லார்ஜர் வாங்கி வைத்தபோது, ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு என்றுதான் நினைத்தேன். இப்போது ஊரார் வீட்டு நெகட்டிவ்களை எல்லாம் வாங்கிப் பிரிண்ட் போட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். அப்படியானால் நீங்களும் தொழில்காரர்கள்தான். தொழில்காரர்களிடம் பேசவேண்டியதை இனி பேசலாம்.

முதலில் வைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். பிலிமுக்கு இரண்டு பக்கம். மங்கலாக இருப்பது மருந்துப் பக்கம், படம் இருப்பது அதில்தான். மறுபக்கம் பளபளப்பு. என்லார்ஜரில் மருந்துப் பக்கம் கீழே காகிதத்தைப் பார்த்திருக்கும், பளபளப்பு மேலே இருக்கும். பிலிம் வளையாமல் இருக்க அதன்மேல் கண்ணாடி வைத்து அழுத்துகிறோம் அல்லவா? பளபளப்பான இரண்டும் முழுசாக ஒட்டாமல் நடுவில் துளிக் காற்று சிக்கிக்கொண்டால், வெளிச்சம் அங்கே வட்டம் போட்டுக் காட்டும். காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் மோசம். நம் ஊரில் ஈரம் இல்லாத மாதம் எது?

ஆகவே, முடிந்தால் கண்ணாடியே வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்றால், ஒரு பக்கம் சொரசொரப்பாக்கிய கண்ணாடி இருக்கிறது. அந்தச் சொரசொரப்பு பிலிமின் பளபளப்பைத் தொடும்படி வையுங்கள். அதுவும் இல்லையா, கறுப்பு அட்டையில் ஜன்னல் மாதிரி வெட்டி, பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வையுங்கள். கண்ணாடி ஓரத்தை மட்டும் அழுத்தும், படத்தைத் தொடாது. அவ்வளவுதான். மீதிக் கடிதம் இந்த வளையத்துக்குப் பயந்து நான் செய்த இரண்டு காரியங்களைப் பற்றியது. ஒன்று அசட்டுத்தனம். இன்னொன்றை என் வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

நான் வலியசாலை அக்ரஹாரத்துக்காரி. போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தபோது, "இருட்டு ரூம்ல பொண்ணுக்கு என்னடி உத்தியோகம்?" என்று கேட்காத வீடு தெருவில் இல்லை. ஸ்டூடியோவில் மூத்த பிரிண்டர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ஆசான். வளையம் வந்தால் கண்ணாடிமேல் ஏதோ ஒரு மாவுப்பொடியை மெல்ல ஊதிவிடுவார். கண்ணுக்கே தெரியாது, ஆனால் பிலிமும் கண்ணாடியும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவர் சாயா குடிக்கப் போயிருந்தார். வளையம் வந்தது. பொடி டப்பா காலி. என் கைப்பையில் காலையில் கோவிலில் கொடுத்த விபூதி காகிதத்தில் மடித்து இருந்தது. இதுவும் பொடிதானே என்று எடுத்து ஊதினேன்.

வளையம் என்னவோ போய்விட்டது. ஆனால் கல்யாண மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. விபூதியில் இருந்த நறநறப்பு நெகட்டிவிலும் நாலு கீறல் போட்டிருந்தது. ஆசான் வந்தார். கண்ணாடியை விரலால் தடவினார், மோந்து பார்த்தார். "இதெந்தா மோளே, ஸ்டூடியோவா, அம்பலமா?" என்று கேட்டுவிட்டு, விரலில் ஒட்டியதைத் தம் நெற்றியில் இட்டுக்கொண்டு கண்ணாடியைக் கழுவப் போனார். நல்லவேளையாக அதே ரோலில் மாப்பிள்ளை இன்னொரு தடவை நின்றிருந்தார். அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்துத் தப்பித்தோம். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னை அவர் "சாமி" என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டாவது காரியம் நடந்தபோது எனக்கு அசட்டு வயசு இல்லை. பத்து வருஷ அனுபவம் இருந்தது. கெட்டிக்காரி என்று பெயரும் இருந்தது, அதுதான் வினை.

ஐப்பசி மாதம், துலாமழை. மகளுக்குப் பிரசவம் என்று ஆசான் இரண்டு வாரம் லீவில் போயிருந்தார். சொரசொரப்புக் கண்ணாடி மூலை உடைந்து, புதுசு சென்னையிலிருந்து வந்து சேரவில்லை. இருந்தது சாதாரணக் கண்ணாடி மட்டும். அன்று காலை பதினொன்றரை மணிக்கு, முழங்கால் வரை நனைந்த சேலையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்பது வயசு இருக்கும். பெயர் செல்லத்தாய். பொன்முடி மலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே துண்டு நெகட்டிவ் ஒன்று.

"டீச்சரே, இதுல எங்க வீட்டுக்காரரு இருக்காரு. அவர மட்டும் பெருசாக்கித் தரணும்" என்றாள். கேரளத்தில் சேலை கட்டிக் கண்ணாடி போட்டவள் யாரானாலும் டீச்சர்தான், நான் திருத்தவில்லை.

விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கோவில் கொடைத் திருவிழாவில் பத்துப் பன்னிரண்டு பேர் கும்பலாக நிற்கிறார்கள். அவள் விரல் வைத்துக் காட்டிய முகம் உளுந்து அளவு.

"வேற படம் ஏதாவது இருக்காம்மா?"

"இது ஒண்ணுதான். ஃபாக்டரி கிளார்க் சார் எடுத்தது. மாத்தலாகிப் போம்போது குடுத்துட்டுப் போனாரு. எங்க வீட்டுக்காரரு தவறி ஆறு வருஷம் ஆச்சு டீச்சரே. நாளக் கழிச்சு எம் மவளுக்குக் கல்யாணம். அப்பா கால்ல விழாம மணையில எப்படி உக்காரும் பிள்ள? படமாவது வேண்டாமா?" பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு மணி பஸ்ஸப் பிடிக்கணும். அத விட்டா மலையடிவாரம் விதுரை வரைக்கும்தான். மேல வண்டி கெடையாது."

"உட்காருங்கோ. ஆயிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உளுந்து அளவு முகத்தைச் சட்டம் போடும் அளவுக்குப் பெரிதாக்கினால், பிலிம் ஒரு மயிரிழை வளைந்தாலும் முகம் மங்கிப்போகும். அதனால் கண்ணாடி போட்டு அழுத்தினேன். முதல் பிரிண்டில் நெற்றியில் வளையம். எடுத்துத் துடைத்து வைத்தேன், கன்னத்துக்கு வந்தது. விளக்குச் சூட்டில் காயவைத்து வைத்தேன், கண்மேலேயே உட்கார்ந்துகொண்டது. ஆசானின் பொடி ஈரத்தில் கட்டி தட்டிப்போயிருந்தது. மணி ஒன்று.

அட்டை ஜன்னல் வைத்தியம் எனக்குத் தெரியும். ஆனால் கண்ணாடி அழுத்தாத பிலிம் சூட்டில் உப்பும். அது அடங்கும்வரை காத்திருந்து, போகஸ் பார்த்து, மறுபடி பார்த்து, நாலைந்து பிரிண்ட் வீணாக்கினால்தான் ஒன்று தேறும். சுலபமாக இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கு வேறொரு குறுக்குவழியும் தெரியும். பிலிமைத் திருப்பி மருந்துப் பக்கத்தை மேலே வைத்துவிட்டால் போதும். மருந்துப் பக்கம் மங்கல், கண்ணாடியைத் தொட்டாலும் வளையம் வராது. பத்து நிமிஷ வேலை. ஒரே ஒரு சங்கடம், படம் இடம்வலமாக மாறிவிடும், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல. பெயர்ப்பலகை ஏதாவது இருந்தால் எழுத்து திரும்பிக் காட்டிக் கொடுத்துவிடும். இதுவோ கழுத்துக்கு மேலே வெறும் முகம். சட்டைப் பைகூட இல்லை.

புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. நான் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. தழும்பு எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று நினைத்துப் பிலிமைத் திருப்பினேன்.

பிரிண்ட் அருமையாக வந்தது. சிரிக்கப்போகிற முகம், நல்ல கண்கள். காயவைத்து ஒன்றே முக்காலுக்கு வெளியே கொண்டுவந்தேன். செல்லத்தாய் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவருதான்" என்றாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா டீச்சரே, என்னமோ…"

"என்ன?"

"இந்தத் தழும்பு. கவாத்து வெட்டும்போது கெளை தெறிச்சு வந்தது. நாந்தான் தெனமும் மஞ்சப் பத்துப் போட்டேன்." படத்தை மேஜையில் வைத்தாள். எதிரே ஆள் நிற்பதுபோல வலது கையைத் தூக்கி, காற்றில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். "இந்தச் சோத்தாங்கைக்கு நேரால்ல இருக்கும்?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? செய்தது இது. டீச்சர் குரலிலேயே சொன்னேன்: "எதிர்ல நிக்கறவாளுக்கு இடது வலது மாறித்தானேம்மா இருக்கும்? போட்டோல அப்படித்தான் தெரியும்."

முதல் பாதி உண்மை, பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த உண்மை. அதைப் பொய்க்கு முட்டுக்கொடுக்க வைத்தேன். அவள் வலது கையை இறக்கிவிட்டு இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கைக்கு அந்த இடம் பழக்கமில்லை, தயங்கி நின்றது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க படிச்சவங்க, சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் மறந்து போச்சு போல." பிறகு என்னிடம் இல்லாமல் படத்திடம் கேட்பதுபோலக் கேட்டாள்: "கண்ண மூடினா வருவாரு டீச்சரே. அப்போ இத்தன நாளா வந்தது தப்பான மூஞ்சியா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். வளையம் விழுந்த பிரிண்டைக் குப்பையில் போடலாம். பெட்டியில் இன்னும் காகிதம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணிடம் இருந்தது அந்த ஒரு துண்டு நெகட்டிவும், மனசில் ஒரு முகமும்தான். நெகட்டிவை நான் பூப்போலத்தான் கையாண்டேன். மனசில் இருந்த முகத்தில் கீறல் போட்டுவிட்டேன். உங்கள் சங்குமுகம் தாத்தா வீட்டிலும் அவர் முகத்தை அப்படி வைத்திருப்பவர் யாராவது இருப்பார். பிரிண்டைக் கொடுக்கும்போது அவர் ஏதாவது சொன்னால், வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள்.

பஸ்ஸுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பஸ்ஸா படமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். நான் அவளிடம் கேட்கவே இல்லை. "வளையம் வருகிறது, சரிசெய்ய நேரமாகும், என்ன செய்யட்டும்?" என்று கேட்க அரை நிமிஷம் போதும். கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு அந்த அரை நிமிஷம் வாய் வரவில்லை.

அவள் படத்தைப் பையில் வைத்தாள். எழுந்துவிட்டாள்.

"நில்லுங்கோம்மா" என்றேன். "நீங்க ஒண்ணும் மறக்கலை. நான்தான் நெகட்டிவைப் பக்கம் மாத்திப் போட்டேன். தெரியாம இல்லை, தெரிஞ்சேதான் போட்டேன். தழும்பு நீங்க சொன்ன பக்கம்தான்."

அவளுக்குப் புரியவில்லை. நெகட்டிவை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்து, இப்படி, அப்படி என்று திருப்பிக் காட்டினேன். இரண்டாவது தடவை காட்டியபோது புரிந்துவிட்டது.

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்போ எனக்கு மறக்கல?"

"மறக்கலை."

"மறக்கல, என்னா?" மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தை எடுத்தபோது இரண்டும் இருந்தது. பிறகுதான் கோபம் வந்தது. "பின்ன ஏன் டீச்சரே அப்படிச் சொன்னிய? ஒரு நிமிசம் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சே!"

"தப்புதான். மன்னிச்சுக்கோங்கோ" என்றேன். அவளைவிட நான்தான் அதிகம் அழுதிருப்பேன். "மறுபடி நன்னாப் போட்டுத் தரேன். ஆனா ரெண்டு மணி பஸ் போயிடும்."

"போனாப் போட்டும். விதுரையில நாத்தனா வீடு இருக்கு. வெள்ளன மொத வண்டிக்கு ஏறிக்கிடுதேன்" என்றாள். "நீங்க அவர நேராப் போடுங்க."

வெளியாட்களை இருட்டறைக்குள் விடக்கூடாது என்பது ஸ்டூடியோ சட்டம். அன்று அவளைக் கூடவே அழைத்துக்கொண்டு போனேன். காகிதப் பெட்டியின் கறுப்பு அட்டையை ஜன்னலாக வெட்டி வைத்தேன். விளக்கைப் போட்டு, பிலிம் உப்பி அடங்கும்வரை இருவரும் நின்றோம். அந்த நேரத்தில் மாப்பிள்ளை என்ன வேலை, மகள் எத்தனை வரை படித்தாள் எல்லாம் சொன்னாள். முதல் பிரிண்டில் கண் மங்கல். இரண்டாவதில் வாய் மங்கல். ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டி, "இது சரியில்லை" என்று நானே சொன்னேன். அதைச் சொல்ல அவ்வளவு சுலபமாக இருந்தது, நம்பமாட்டீர்கள்.

ஐந்தாவது காகிதத்தை மருந்துத் தண்ணீர்த் தட்டில் போட்டு அசைத்தேன். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் முடி வந்தது, பிறகு புருவம், பிறகு கண். வளையம் இல்லை. செல்லத்தாயின் வலது கை தானாக மேலே வந்து, தட்டுக்கு மேலே காற்றில் ஒரு இடத்தில் நின்றது. அதற்கு நேர் கீழே தழும்பு இருந்தது.

வெளியே வந்ததும், பக்கம் மாறிய பழைய பிரிண்டை அவளிடம் வாங்கிக் கிழிக்கப் போனேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "கிழிக்காதிய. இதுவும் அவருதான? கண்ணாடி பாத்துத் தலை சீவையில அவருக்கு அவரு இப்படித்தான தெரிஞ்சிருப்பாரு?"

எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டையும் ஒரே உறையில் போட்டு, மழை படாமல் பிளாஸ்டிக் சுற்றிக் கொடுத்தேன். ஸ்டூடியோ மாடியில், தெருவுக்கு இறங்கப் பதினாறு படி. விதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கிடுகிடுவென்று இறங்கினாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றேன். தெருவில் கால் வைத்ததும் நின்று திரும்பி, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கும்படி உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேலே பார்த்துக் கத்தினாள்:

"டீச்சரே! எனக்கு மறக்கல, கேட்டியளா?"